புலம்பாத அம்மா

மங்கையர்க்கரசிக்குப் புலம்பாமல் பேச வராது. "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். முட்டி வலியில் தொடங்கி, வீட்டு மோட்டார் வழியாகப் போய், கணவரின் குறட்டையில் கொண்டுவந்து முடிப்பாள். அதில் யார் மேலும் வருத்தம் கிடையாது. சிலர் வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பார்கள் இல்லையா, அதுபோல அவளுக்கு அது.

அவள் கணவர் செல்வகணபதி உறையூரில் பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருக்கிறார். "ஊர்ல இருக்கிற மோட்டாரெல்லாம் இவர் கை பட்டா ஓடுது. நம்ம வீட்டு மோட்டார் மட்டும் சித்திரை பொறந்தா படுத்துக்கும்" என்று வருஷம் தவறாமல் சொல்வாள். அவரும் வருஷம் தவறாமல் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுப்பார்.

அப்படிப்பட்டவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, புலம்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் வினோதினி. தில்லை நகரில் பயிற்சி மையம் நடத்துகிறவள். பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு.

"இன்னொரு தடவை பார்க்கலாம் மேடம். நான்தான் உங்க பொண்ணு மிதுனா. ஹாஸ்டல்ல இருந்து போன் பண்றேன். அம்மா, எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேன் கண்ணு. இந்த முட்டிதான்..."

"முட்டி வேண்டாம்."

"சரி. நல்லா இருக்கேன் கண்ணு. உங்கப்பா நேத்து ராத்திரி பூரா..."

"அப்பாவும் வேண்டாம். அப்பாவும் நல்லா இருக்காரு. எல்லாம் நல்லா இருக்கு, நீ படி. இவ்வளவுதான் நீங்க பேசவேண்டியது."

"அப்புறம் எதைத்தான் பேசறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வகணபதி வாய்விட்டுச் சிரித்தார். "பதினெட்டு வருஷமா என்னால முடியல. நீங்க சாதிச்சிட்டீங்கன்னா எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க மேடம்."

வினோதினி சிரிக்கவில்லை. "சார், பாதியில விட்டுட்டுப் போற பிரதிகள் எதனால போகுதுன்னு நினைக்கிறீங்க? பாடம் கஷ்டம்னா? கிடையாது. பாதிக்கு மேல வீட்டு நினைப்புலதான் போகுது. போன்ல அம்மா லேசா இருமினா போதும், பெட்டியைக் கட்டிடும். உங்க பொண்ணு முழு மார்க். அவளைத் தோக்கடிக்க ஒரே ஒருத்தராலதான் முடியும்." பேனாவால் மங்கையைக் காட்டினாள். "இவங்களால."

மருத்துவ இடத்துக்குப் போட்டியிடுகிறவர்களில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்களே இருக்கும் இடங்களைப்போலப் பல மடங்கு ஆன பிறகு, மதிப்பெண்ணை வைத்து யாரையும் பிரிக்க முடியாமல் போயிற்று. அப்போதுதான் முன்னோட்டம் வந்தது. முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையை ஒரு நாள் இயந்திரத்தின் முன் உட்கார வைப்பார்கள். அதன் நினைவு, பழக்கம், பயம், பிடிவாதம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிரதி செய்வார்கள். முன்னோட்டம் பற்றிய நினைவை மட்டும் அழித்துவிடுவதால் அந்தப் பிரதிக்குத் தான் பிரதி என்று தெரியாது. இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, இயந்திரத்துக்குள்ளேயே கல்லூரியில் சேர்ந்து, ஐந்தரை வருஷமும் படிக்கும். வெளியே அதற்கு இரண்டு மூன்று நாள்தான் ஆகும். பிரதி படிப்பை முடித்தால் பிள்ளைக்கு இடம். பாதியில் விட்டுவிட்டு வந்தால் இல்லை.

உள்ளே இருக்கிற பிரதி ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் பண்ணும். அதற்காகத் தாய் தகப்பனையும் ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவுசெய்துகொள்வார்கள். அந்தப் பேச்சிலிருந்து இயந்திரம் ஐந்தரை வருஷத்துக்கும் பதில் தயாரிக்கும்.

பயிற்சி முடிந்து படி இறங்கும்போது மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வகணபதி திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"மங்கை, பெரிய டாக்டர் என்ன சொன்னாரு? இந்த மாசமே ஆரம்பிச்சிடணும்னு சொன்னாரா இல்லையா?"

"அட்மிஷன் முடியட்டும்."

இடது மார்பில் இருந்த கட்டியைப் பற்றி அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். முதலில் சாதாரணக் கட்டி என்றார்கள். பிறகு ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, சாதாரணம் இல்லை என்றார்கள். இப்போது மிதுனாவுக்குத் தெரிந்தால் அது அவள் நினைவோடு சேர்ந்து பிரதிக்கும் போய்விடும். பிரதி முதல் வாரமே கிளம்பி வந்துவிடும். அதனால், அட்மிஷன் முடியட்டும்.

எந்த வீட்டிலும் செய்வதுதானே இது. படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சை முடிகிறவரை எதையும் சொல்வதில்லை.

*

முன்னோட்ட மையத்துக்குப் போன அன்று மிதுனா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அம்மாவின் காதருகே வந்தாள்.

"அம்மா, என் பிரதிகிட்ட நல்லா பேசு. அதுவும் உன் பொண்ணுதான்."

"ஒண்ணைப் பெத்ததுக்கே என் இடுப்பு போச்சு. இதுல ரெண்டாவா?" என்றாள் மங்கை. மிதுனா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அதன் பிறகு பதிவறையில் ஒரு மணி நேரம் மங்கை ஒரு தடவைகூடப் புலம்பவில்லை. நல்லா இருக்கேன் கண்ணு. அப்பா நல்லா இருக்காரு. எல்லாம் நல்லா இருக்கு. நீ படி. வினோதினி இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள்.

முடிவு வந்தபோது மிதுனா கைப்பேசியை அம்மாவிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். 'நிறைவு செய்யவில்லை. மூன்றாம் ஆண்டு.' வேறு எதுவும் இல்லை.

அவள் அழவில்லை. அதுதான் மங்கையைப் பயமுறுத்தியது. சாயங்காலம் காப்பி கொண்டு போனபோது மிதுனா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னைப் பத்தி எனக்கே தெரியாதது ஏதோ அந்த மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. நான் பாதியில விடற ஆளுன்னு."

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு."

"அப்படித்தான். நான்தானே விட்டுட்டு வந்தேன். வேற யாரு?"

மறுபார்வைக்கு மனுக் கொடுத்தார்கள்.

*

மறுபார்வை அதிகாரி ரெஜினாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மேசை மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"ரெண்டரை வருஷம் நல்லாத்தான் படிச்சிருக்கா. உடற்கூறியல்ல முதல் மாணவி. எனக்கே புரியல. அதனால கடைசிப் பேச்சைக் கேட்டேன். நீங்களும் கேளுங்க. கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க."

பொத்தானைத் தட்டினார். மிதுனாவின் குரல். ஆனால் கொஞ்சம் முதிர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிதுனா நிமிர்ந்தாள்.

"அம்மா, எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் கண்ணு. எல்லாம் நல்லா இருக்கு."

"முட்டி?"

"நல்லா இருக்கு கண்ணு."

"மோட்டார் ஓடுதா? சித்திரை வந்துடுச்சேம்மா."

"எல்லாம் நல்லா இருக்கு. நீ படி."

பிறகு அந்தக் குரல் உடைந்து வந்தது.

"அம்மா, ரெண்டு வருஷமா நீ ஒண்ணுமே சொல்லலை. அப்பா குறட்டை விடறாருன்னு சொல்லு. பால்காரன் தண்ணி கலக்கிறான்னு சொல்லு. நான் தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லைன்னு திட்டு. ஒரே ஒரு தடவை திட்டும்மா."

"நல்லா இருக்கேன் கண்ணு. நீ படி."

"உனக்கு என்னவோ ஆயிடுச்சு. எங்கிட்ட மறைக்கிறீங்க. நான் கிளம்பி வரேன்."

ரெஜினா நிறுத்தினார்.

செல்வகணபதி மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கைதான் முதலில் கேட்டாள்.

"கிளம்பி... வந்து சேர்ந்தாளா?"

"பஸ் ஏறினா. அதோட முடிஞ்சிடும்மா."

"ஏறினவ எங்க போய் இறங்கினா?"

ரெஜினா தயங்கினார். "ஊர்னு ஒண்ணு உள்ள கிடையாதும்மா. காலேஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு. அதுவரைக்கும்தான் கட்டியிருக்காங்க. லீவு நாளையெல்லாம் மெஷின் தாண்டிடும். ஊருக்குப் போயிட்டு வந்தோம்னு ஒரு நினைப்பு மட்டும் இருக்கும். நடுவுல ஊருக்குன்னு பஸ் ஏறினா, படிப்பை விட்டதாத்தான் கணக்கு."

"ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டுத் திரும்பிப் போயிருப்பா, மேடம். எங்க பொண்ணு அப்படி விடறவ இல்ல" என்றார் செல்வகணபதி.

"இருக்கலாம் சார். ஆனா திரும்பிப் போறதுக்கு அதுல வழி இல்ல. வீடு கட்டினாத்தானே வீட்ல இருந்து திரும்ப முடியும்?"

மிதுனா மெல்ல அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, உனக்கு என்ன?"

செல்வகணபதி வாயைத் திறந்தார். மங்கை முந்திக்கொண்டாள்.

"எனக்கு என்னடி? எல்லாம் அந்த வினோதினி பண்ணின வேலை. புலம்பாதீங்க, புலம்பாதீங்கன்னு உயிரை எடுத்தா. நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சேன். என் வாயைக் கட்டிப்போட்டு என் பொண்ணோட சீட்டையே பறிச்சிட்டுப் போயிட்டா. முட்டி வலி உயிர் போகுது, இந்த அம்மா ஆபீஸ்ல லிஃப்ட் வேற இல்ல..."

மிதுனாவின் முகம் தளர்ந்தது. அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் தோளில் சாய்ந்தாள். இடது தோள். மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

ரெஜினா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுக் குரல் இயல்பா இல்லேன்னு எழுதித் தரேன். இன்னொரு தடவை ஓட்ட அனுமதி கிடைக்கும். ஆனா புதுசாப் பதிவு பண்ணணும். முறை வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்" என்றார்.

"காத்திருக்கோம்" என்றாள் மங்கை.

*

"போதும் மங்கை" என்றார் செல்வகணபதி. மிதுனா கடைக்குப் போயிருந்த நேரம். "அவகிட்டச் சொல்லிடலாம். இன்னும் ஒரு மாசம்னா எப்படி? உன் உயிரை வெச்சு சீட்டு வாங்கறதா?"

"சொன்னா அவ திரும்ப அந்த நாற்காலில உட்காருவாளா?"

"வேண்டாம். பி.எஸ்ஸி. படிக்கட்டும். எத்தனையோ பேர் படிக்கிறாங்க."

"நேத்து அவ முகத்தைப் பார்த்தீங்களா? தான் பாதியில விடற ஆளு இல்லேன்னு தெரிஞ்சதும் எப்படி இருந்துச்சு? நான் போயிட்டா அவளுக்கு மிச்சம் இருக்கப்போறது அது ஒண்ணுதாங்க."

"நீ போகப்போறேன்னு யாரு சொன்னா?" என்று கத்தினார். பதினெட்டு வருஷத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"வயசாயிட்டே போகுது, தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்ல. எப்படிக் காய்ஞ்சு கிடக்கு பாருங்க" என்றாள்.

*

இரண்டாவது பதிவுக்கு வினோதினி தேவைப்படவில்லை. ரெஜினாவே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். மங்கை ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்தாள்.

முட்டியைப் பற்றிச் சொன்னாள். மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். வேலை பார்க்கும் பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் புத்தகத்துக்குள் மிக்சர் பொட்டலம் வைத்துவிட்டுப் போவதையும், அதைத் தேடி எறும்பு வருவதையும் சொன்னாள். செல்வகணபதியின் குறட்டையை அவரைப்போலவே விட்டுக் காட்டினாள். ரெஜினா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"வெயில்ல அலையாதே. தலைக்கு எண்ணெய் வை. மெஸ்ல சாம்பார் தண்ணியா இருக்குன்னு பட்டினி கிடக்காதே. உங்கப்பா மாதிரி ஆயிடாதே, எதைக் கேட்டாலும் சிரிக்கிறது..."

ஒன்றை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கியது. ரெஜினா பதிவை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உண்மையிலேயே எதுவும் இல்லையாம்மா?"

"முடிஞ்சதும் அந்தப் பிரதியை என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டாள் மங்கை.

"அணைச்சிடுவோம். தூங்கற மாதிரிதான்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க? உள்ள இருந்து யாராவது வந்து சொன்னாங்களா?"

மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

இந்தத் தடவை நிறைவு செய்திருந்தாள். இடம் உறுதி. கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரி.

இடம் கிடைத்த குடும்பங்களை மையத்துக்கு வரவழைத்து, பிரதி கடைசி நாளில் வீட்டுக்குப் பண்ணிய அழைப்பை ஒலிப்பதிவாகத் தருவது வழக்கம். 'அம்மா, நான் டாக்டராயிட்டேன்!' என்று கூவும் குரல். அதை அங்கேயே சத்தமாகப் போட்டு லட்டு கொடுப்பார்கள். கூடம் முழுக்க அந்தக் கூவல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு குடும்பம் கைதட்டியது.

ரெஜினா மங்கையை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். காதில் வைக்கும் கருவியைக் கொடுத்தார். "இதை நீங்க தனியாக் கேளுங்க. பாப்பாவுக்குக் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா, முடிஞ்சிடுச்சும்மா. நாளைக்குப் பட்டமளிப்பு."

"முடிஞ்சிடுச்சா? அப்பாடா. இந்த முட்டியோட நான் எப்படி வந்து சேரப்போறேனோ தெரியல."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லவா? நீ இல்லேன்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரிஞ்சுடுச்சு."

மங்கை நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நாலு வருஷமா உன் முட்டி ஒரே அளவுலதான் வலிக்குது. நாலு வருஷமா அதே மிக்சர் பொட்டலம், அதே எறும்பு. உனக்கு வயசே ஆகலம்மா. நீ புலம்பறது வருஷா வருஷம் வளரும், எனக்குத் தெரியாதா? அப்பாதான் உன் குரலை வெச்சு ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்காரு. பாவம், என் படிப்புக் கெடக்கூடாதுன்னு."

"உங்கப்பா எதைக் கேட்டாலும் சிரிக்கிறாரு."

"ஆமாம்மா. லீவுக்கு ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரிதான் இருக்கு. ஆனா உன் முகத்தை யோசிச்சுப் பார்த்தா வரமாட்டேங்குது. எத்தனையோ தடவை பையைக் கட்டினேன். வந்தா நீ இல்லாத வீட்டைப் பார்க்கணும். இங்கயே இருந்தா ஞாயித்துக்கிழமை உன் திட்டாவது கிடைக்கும். அதனாலதான் வரல. தனியாவே அழுது முடிச்சிட்டேன். நீ ஆசைப்பட்டதை முடிச்சிட்டேன். சரியா?"

"சரி சரி, வெயில்ல அலையாதே. தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

"வெச்சேம்மா" என்றது அந்தக் குரல். "வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான்.

மங்கை கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே யாரோ ஒருவருடைய பிள்ளை, "அம்மா, நான் டாக்டராயிட்டேன்!" என்று கூவியது. கைதட்டல் கேட்டது.

வெளியே வந்தபோது மிதுனா லட்டைப் பிட்டு அம்மா வாயில் வைத்தாள். "என் பிரதி என்னம்மா சொன்னா? கத்தினாளா?"

"கத்தினா" என்றாள் மங்கை. "தலைக்கு எண்ணெய் வெச்சிருக்காளாம். உன்னை மாதிரி இல்ல."

*

மிதுனாவைக் கோவைக்கு அனுப்பிவிட்டு மறுநாளே இருவரும் பெரிய டாக்டரிடம் போனார்கள். அவர் படங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அப்பவே ஆரம்பிச்சிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட மங்கைக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. செல்வகணபதி கொல்லையில் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். ஸ்பேனரோடு வாசற்படியில் வந்து நின்றார்.

முதல் சுற்று மருந்து ஏறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மங்கைக்கு வாயெல்லாம் இரும்புத் துண்டைச் சப்பியதுபோல் இருந்தது. என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே முடிவுசெய்து வைத்திருந்தாள். முட்டி, மோட்டார், குறட்டை. புதிதாக எதிர்வீட்டு நாயைச் சேர்த்துக்கொள்ளலாம். வாராவாரம் ஏதாவது புதிதாகச் சேர்த்தால் மிதுனாவுக்குச் சந்தேகம் வராது. அந்தப் பிரதியே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறதே.

"அம்மா, எப்படிம்மா இருக்கே?"

மங்கை வாயைத் திறந்தாள். முட்டி என்ற சொல் நாக்கில் வந்து நின்றது.

ஒருத்தி வராத ஊருக்குப் பஸ் ஏறினாள். இன்னொருத்தி பெற்றவளுக்காகத் தனியாக அழுது, தனியாக முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். இரண்டு பேரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். இதே குரலில்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"உடம்பு சரியில்ல கண்ணு."

"முட்டியா?"

"முட்டி இல்ல."

செல்வகணபதி ஸ்பேனரைக் கீழே வைத்தார். மங்கை சொன்னாள். கட்டியைச் சொன்னாள், டாக்டரைச் சொன்னாள், எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. மறுமுனையில் ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. மிதுனா மூச்சு விடுவது கேட்டது.

"ஏம்மா சொல்லலை?"

"தப்புதான் கண்ணு."

"நான் கிளம்பி வரேன்."

படிப்பு என்று சொல்ல வந்ததை மங்கை விழுங்கினாள். "வா. வார்டன்கிட்டச் சொல்லிட்டு வா. ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பிப் போகணும். போகணும், தெரியுதா? அடுத்த வாரமும் வா. அதுக்கு அடுத்த வாரமும் வா."

பஸ் ஸ்டாண்டுக்குத் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். செல்வகணபதி ஆட்டோ பிடித்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோவை வண்டி வந்து நின்றதும் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு இறங்கியது. நடுவில் மிதுனா இறங்கினாள். தோளில் ஒரு பை. முகம் அழுது வீங்கியிருந்தது. ஓடிவந்து, எங்கே வலிக்குமோ என்று தெரியாமல், அம்மாவை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் எதிரே நின்றாள். மங்கைதான் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"போலாம் வா மங்கை, நிக்காதே" என்றார் செல்வகணபதி.

அவள் நகரவில்லை. மகளின் தோளுக்கு மேலாக பஸ்ஸின் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். ஒரு பெரியவர் இறங்கினார். கண்டக்டர் இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்தினார்.

"யாரைம்மா பார்க்கிறே? இன்னும் யாராவது வரணுமா?" என்றாள் மிதுனா.

பஸ் காலியாகப் பின்வாங்கித் திரும்பிப் போனது.

"முட்டி வலிக்குதுடி" என்றாள் மங்கை. "கையைப் பிடி."